பல்பு வாங்கிய படலம்

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கீழ வச்சுட்டு இங்ஙன வந்து உக்காரு. ராத்திரி நீ ஒங்க அம்மைகிட்ட "பெரிய பல்பு வாங்கிட்டேம்மா"ன்னு பொலம்புனது எனக்கும் கேட்டுது, ஒங்க ஆச்சிக்கும் கேட்டுது. அவ எந்திரிச்சு வந்து, "பெருசெல்லாம் எதுக்கு, அடுக்களைக்குச் சின்னது ஒண்ணு போதும், மாட்டிட்டுப் படுக்கச் சொல்லுங்க"ங்கா. மெட்ராஸ்ல இருந்து பேரன் வெளக்கு வாங்கிட்டு வந்திருக்கான்னு அவளுக்கு ஒரே பெருமை. நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுல ஒருத்தியாவது ஒன்னைப் பெருமையா நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

நடந்ததை நானே சொல்லுதேன், சரியான்னு பாரு. சங்கரன்கோயில் பெரிய தாத்தா தவறிப்போயிட்டாவ. எனக்கு ஒண்ணுவிட்ட அண்ணாச்சி. தொண்ணூறைத் தாண்டுன மனுசன். பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரன் மொட்டைக்கும் போயிட்டு வந்தாவ. காலையில காப்பி குடிச்ச டம்ளரைக் கீழ வச்சாவ, அப்படியே சாஞ்சுட்டாவ. கல்யாணச் சாவு. அவிய மூத்த மகன் சொந்தக்காரங்க குரூப்புல படத்தைப் போட்டு, மொறைப்படி, "இன்று காலை சிவலோக பதவி அடைந்தார்கள்"னு எழுதியிருக்கான். படம், அண்ணாச்சி தலைமையாசிரியரா இருக்கும்போது எடுத்தது. கோட்டு, கழுத்துல மாலை, நெத்தி நெறைய பட்டை. நீ படத்தைப் பாத்த. "பதவி"யைப் பாத்த. அதுக்கு முன்னால கெடந்த சிவலோகம் ஒன் கண்ணுக்குத் தெரியல. "வாழ்த்துகள் தாத்தா! மென்மேலும் உயர்க!"ன்னு அடிச்சு, கூடவே ஒரு பூங்கொத்தும் வச்சு அனுப்பிட்ட.

சிவலோகத்துக்கு மேல எங்கலே உயர்றது? அதுக்கு மேல மாடி கெடையாதேலே.

ஆனா ஒண்ணு. "வாழ்த்துகள்"ல தேவையில்லாத ஒத்துப் போடாம சரியா எழுதியிருக்க. அண்ணாச்சி பாத்திருந்தா அதுக்கே பத்துக்கு ஏழு போட்டிருப்பாவ. மீதி மூணு, பூங்கொத்துக்காகக் கொறஞ்சிருக்கும்.

இது வரைக்கும் நடந்ததைப் பல்புன்னே நான் ஒத்துக்கிடமாட்டேன். இது கண்ணுல விட்ட கோட்டை, அம்புட்டுத்தான். நீ பல்பு வாங்குனது அதுக்குப் பொறவு. ஒங்க சித்தி மக "அண்ணே, முழுசாப் படி"ன்னு எழுதுனதும் ஒனக்கு வேர்த்துருச்சு. "எல்லாருக்கும் அழி"யை அமுக்குன. அந்த வசதி வாட்சப்புல 2017ல வந்தது; அதைக் கண்டுபுடிச்ச புண்ணியவான் அழிச்ச எடத்துல "இந்தச் செய்தி நீக்கப்பட்டது"ன்னு ஒரு கல்வெட்டையும் நட்டு வச்சிருக்கான். பாக்காதவனும், "எவன்டா அது, என்னத்தடா நீக்குனான்"னு பக்கத்து வீட்டுக்குப் போனப் போட்டுக் கேக்குதான். 2023ல இருந்து 15 நிமிசத்துக்குள்ள திருத்திக்கிடவும் விடுதான். திருத்துனாலும் "திருத்தப்பட்டது"ன்னு பக்கத்துலயே ஒரு வார்த்தை நிக்கும். அத்தோட விட்டியா? "ஸாரி, ஆட்டோகரெக்ட்"னு ஒரு வெளக்கம் வேற. இரங்கலை வாழ்த்தாத் திருத்தி, தானாப் பூவும் வைக்கிற போன் எந்தக் கடையில விக்குதுன்னு கீழத்தெரு மாமா கேக்காவ. அவியளுக்கு ஒண்ணு வேணுமாம்.

அதாம்லே பல்பு. இப்பம் எரியுது பாரு, அது.

ஒங்க மெட்ராஸ் பாஷையில நாலஞ்சு வார்த்தையை ஒரே சாக்குல போட்டுக் கட்டி வச்சிருக்கீய. பிரிச்சுப் பாத்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாமான். சொதப்பல்னு ஒண்ணு சொல்லுதீயல்லா, அது வேலையில வாரது. ரசத்துல உப்பை ரெண்டு தடவை போட்டுட்டா சொதப்பல். அதை நீயே குடிச்சுத் தீத்துட்டா ஊருக்குத் தெரியாது, ஒன் வயித்துக்குத்தான் தெரியும். அதே ரசத்தை விருந்தாளிக்கு ஊத்தி, "எங்க வீட்டு ரசம் மாதிரி எங்கயும் கெடைக்காது"ன்னு மார்தட்டி, அவிய ஒரு வாய் குடிச்சுட்டு, "ஆமாய்யா, எங்கயும் கெடைக்காது"ன்னு டம்ளரை மெல்ல நவுத்தி வச்சா, அதுதான் பல்பு. சொதப்புறதுக்கு ஒருத்தன் போதும். பல்புக்கு மார்தட்டுறவன் ஒருத்தன், டம்ளரை நவுத்துறவன் ஒருத்தன், அதைப் பாத்து வேட்டி நுனியால வாயைப் பொத்திக்கிடுறதுக்குப் பந்தியில நாலு பேரு, இம்புட்டும் வேணும்.

சொதப்பலுக்கு இப்பம் மரியாதையே வந்துட்டு. பாலாஜி மோகன்னு ஒரு பையன் "காதலில் சொதப்புவது எப்படி"ன்னு மொதல்ல குறும்படமா எடுத்து, 2012ல அதையே பெரிய படமா எடுத்தான். போஸ்டர்லயே சொதப்பல். எங்க காலத்துல காதல்ல சொதப்புனா அருவாளைத் தூக்கிக்கிட்டு வருவான். இப்பம் டிக்கெட் வாங்கிக்கிட்டு வாரான். அதனால ஒருத்தன் "நான் சொதப்பிட்டேன்"னு தானே சொல்லிக்கிடலாம், அதுல ஒரு அழகு கூட இருக்கு. பல்பு அப்படி இல்ல. பெரும்பாலும் அதை அடுத்தவன் வாய்தான் சொல்லும். "செம பல்பு வாங்குனான் மச்சி"ன்னு, நீ இல்லாத எடத்துல.

அசடு வழியுறதுங்கது பழைய சரக்கு. அது தப்புக்குப் பேரு இல்ல, தப்புக்குப் பொறவு வார மூஞ்சிக்குப் பேரு. அதான், "ரொம்ப வழியுது, தொடச்சுக்கோ"ன்னு துண்டை நீட்டுதோம். மொக்கைன்னா முனை மழுங்குனது. நீ சொன்ன சிரிப்புக்கு எவனும் சிரிக்கலன்னா மொக்கை வாங்கிட்டன்னு அர்த்தம். டியூப்லைட்டுங்கது வேற ரகம். சிரிப்பு முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறவு சிமிட்டி சிமிட்டிச் சிரிக்கான் பாரு, அவன். ஒங்க அப்பன் அந்த ரகம். கல்யாணத்துல மச்சினன்காரன் அடிச்ச கேலிக்கு மறுவீட்டுல வச்சுச் சிரிச்சான்.

அல்வா குடுக்கிறதை மட்டும் இதுல சேக்காத. எங்க திருநெல்வேலிக்காரன் சம்பா கோதுமையை ஊறவச்சு, அரைச்சுப் பாலெடுத்து, கை வலிக்கக் கிண்டி, வாயில வச்சா வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி ஒரு பண்டம் செஞ்சா, அதைக் கொண்டுபோயி ஏமாத்துறதுக்குப் பேரா வச்சுட்டானுவ. 1994ல "அமைதிப்படை"யில சத்யராஜ் அல்வாவைக் கையில எடுத்த பொறவு, சந்திப்பு பக்கம் அரை கிலோ வாங்கிட்டு ரயில்ல ஏறுனா பக்கத்து சீட்டுக்காரன் ஒரு மாதிரியாப் பாக்குதான். அல்வாவுல குடுத்தவன் திருடன், வாங்குனவன் அப்பாவி. பல்புல அப்படிச் சொல்ல முடியாது. வாங்குனவன் தானே கேட்டுல்லா வாங்கியிருக்கான்.

ஆப்பும் அப்படித்தான், நல்லா யோசிச்சுப் பாரு. "அவன் எனக்கு ஆப்பு வச்சுட்டான்"னு ஆபீஸ்ல ஒருத்தன் விடாம சொல்லுதான். பழைய கதையில தச்சன் மரத்தைப் பாதி அறுத்துட்டு, பொளவு மூடிக்கிடாம இருக்க ஆப்பை அடிச்சுட்டுக் கஞ்சி குடிக்கப் போனான். அவன் வேலை அது. பொளவுக்குள்ள வாலைத் தொங்கவிட்டுக்கிட்டு உக்காந்து, சும்மா இருக்க முடியாம அந்த ஆப்பைப் புடுங்குனது குரங்கு. பாரு, தச்சனைத் திட்டிக்கிட்டே வாலைத் தடவுறதுதான் இன்னைக்கு வழக்கமாப் போச்சு.

மூக்கறுபடுறது இருக்கே, அதைக் கொஞ்சம் மரியாதையாச் சொல்லணும். திருமலை நாயக்கர் ஆட்சியோட கடைசியில மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியா எறங்கி வந்து, அகப்பட்ட ஆளுக மூக்கை மேலுதட்டோட அறுத்து மூட்டை கட்டி அனுப்புச்சு. ராமநாதபுரம் சேதுபதி படை வந்து தொணை நின்ன பொறவுதான் அவனுவளைத் தொரத்த முடிஞ்சுது. சரித்திரத்துல மூக்கறுப்புப் போர்னே அதுக்குப் பேரு. நீ மீட்டிங்ல ஒருத்தி எதுத்துக் கேள்வி கேட்டான்னு, "நோஸ்கட் ஆயிட்டு"ன்னு ரெண்டு நாள் சோறு திங்காம கெடந்தியாமே? தொட்டுப் பாருலே. மூக்கு இருக்கு. கண்ணாடி மாட்ட எடமும் இருக்கு.

இந்த "வாங்குறது" இருக்கே, அதையும் கவனி. நம்ம ஊர்ச் சந்தையில துட்டு குடுக்காம வாங்குறதுக்கு எம்புட்டுச் சரக்கு கெடக்கு! திட்டு வாங்குதான், அடி வாங்குதான், மொக்கை வாங்குதான், பல்பு வாங்குதான். வாய் நீளமானவன் வாயைக் குடுத்து "வாங்கிக் கட்டிக்கிடுதான்". பொட்டலம் வேற மடிச்சு வீட்டுக்குக் கொண்டு போறான். எதிராளி இதெல்லாம் சும்மாவா குடுப்பான்? பல்பைக் குடுத்துட்டு மானத்தை வாங்கிக்கிடுதான். பண்டமாத்து. இதுல எடை குத்தம், அளவு குத்தம்னு எவனும் பஞ்சாயத்துக்கு வந்ததில்ல.

பல்புலயும் வாட்டு இருக்குலே. ஜீரோ வாட் பல்புன்னு முந்தி ராத்திரிக்குப் போடுவோம்லா? பேருதான் ஜீரோ. 15 வாட்டுக் கிட்ட கரண்டு தின்னும். பழைய மீட்டருக்கு அது ஒறைக்காது, அதனால ஜீரோன்னு பேரு வச்சுட்டான். மனுசனுக்கும் அந்த மாதிரி ஜீரோ வாட் நெறையக் கெடைக்கும். பஸ்ஸுல முன்னால நிக்கவனை நம்ம மச்சான்னு நெனச்சு முதுகுல ஓங்கி ஒரு போடு போடுத. திரும்பிப் பாத்தா வேற எவனோ. தள்ளு, இழுன்னு எழுதியிருக்க கதவை மாத்திப் புடிச்சு மல்லுக்கட்டுத. யாரும் பெருசாக் கண்டுக்கிடமாட்டாவ. ஆனா ராத்திரி படுத்தா அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டுக் கெடக்கும், தூக்கத்தைத் தின்னுக்கிட்டு.

பல்பு வாரதுக்கு முன்னால என்ன வாங்குனீங்கன்னு நீ கேக்கணும். கேக்கமாட்ட, கேக்குற பழக்கம் இருந்தா சிவலோகம்னா என்னன்னு கேட்டிருப்ப. எங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் இருந்துச்சு. அதுக்குள்ள மேண்டில்னு ஒண்ணு தொங்கும், சின்னக் கொழந்தை காலுறை மாதிரி. துணியில தோரியமும் சீரியமும் ஏத்தியிருப்பான். மொதல் தடவை கொளுத்துனதும் துணி எரிஞ்சு போயிரும், சாம்பல் மட்டும் அதே உருவத்துல நிக்கும். அந்தச் சாம்பல்தான் வெள்ளையா அம்புட்டு வெளிச்சம் குடுக்கது. அந்தத் தோரியத்துக்காக நம்ம மணவாளக்குறிச்சிக் கடக்கரை மணலை வெள்ளைக்காரன் கப்பல்ல அள்ளிக்கிட்டுப் போனான், அது தனிக்கதை. 1984ல வந்த "வைதேகி காத்திருந்தாள்"ல கவுண்டமணி கடையில உக்காந்துக்கிட்டு இந்த வெளக்கு எப்படி எரியுதுன்னு செந்திலுக்குப் பெருமையா வகுப்பு எடுப்பாரு. செந்தில் மேண்டிலைத் தொட்டுக் கேப்பாரு. தொட்டதும் பொலபொலன்னு போயிரும். டூரிங் டாக்கீஸ்ல மண்ணைக் குமிச்சு உக்காந்திருந்த நாங்க பொரண்டு பொரண்டு சிரிச்சோம்.

அதுல தப்பு யாருதுங்க? செந்தில் மேலன்னு எல்லாரும் சொல்லுவாவ. நான் ஒத்துக்கிடமாட்டேன். ஆல் இன் ஆல்னு பேருக்கு முன்னால போட்டுக்கிட்டு, தொட்டா உதிர்ற சாம்பலைக் காட்டிப் பெருமை பேசுனாரே, அவருதான் பல்பு வாங்குனது. ஒங்க ஆபீஸ்ல "இந்த ஏரியாவுல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல"ன்னு ஒருத்தன் திரிவான்லா? அவன் பக்கத்துல ஒரு செந்திலு கண்டிப்பா இருப்பான். ஒண்ணும் தெரியாத முகத்தோட, "அண்ணே, இதுல எதுண்ணே எரியுது"ன்னு வெரலை நீட்டிக்கிட்டு.

தருமி கதை தெரியுமா? திருவிளையாடல் புராணத்துல அதுக்குன்னே "தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்"னு ஒரு படலம் இருக்கு, பரஞ்சோதி முனிவர் பாடுனது. 1965ல படமா எடுத்த பொறவு, தருமின்னாலே ஊருக்கு நாகேஷ் மூஞ்சிதான். கல்யாணம் கட்டத் துட்டில்லாத பய. பொம்பளைக கூந்தல் மணம் இயற்கையா, பூசுனதான்னு பாண்டியனுக்குச் சந்தேகம். தீத்து வைக்கிறவனுக்குப் பொற்கிழி. சொக்கநாதர் பாட்டை எழுதிக் குடுத்துட்டாரு. அந்தப் பாட்டு குறுந்தொகையில ரெண்டாவது பாட்டா, இறையனார் பேர்ல இன்னைக்கும் இருக்கு. பாட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. நக்கீரர் எந்திரிச்சு, பொருள்ல குத்தம் இருக்குன்னு கேட்டதும் பயலுக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு. எழுதுனவன் அவனா இருந்தாத்தானே வெளக்கம் வரும்?

நீங்க இப்பம் எவன்கிட்டயோ, எந்த மெஷின்கிட்டயோ எழுதி வாங்கி, அதைச் செவத்துல படமாப் போட்டுக் காட்டுதீய. மேனேஜர், "அந்த மூணாவது வரி என்ன சொல்லுது"ன்னு கேட்டதும் திருதிருன்னு முழிக்கீய. தருமிக்குக் கோயிலுக்கு ஓடிப்போயி அழுறதுக்கு ஒரு சாமி இருந்துச்சு. எழுதுனவரே சபைக்கு வந்து வாதாடுனாரு. ஒனக்கு யாருலே வருவா? ஹெச்ஆர்தான் வருவாவ.

அவ்வையாரே வாங்கியிருக்காவ, அது தெரியுமா? மன்னனுக்கெல்லாம் புத்தி சொன்ன கெழவி. வெயில்ல களைச்சு நாவ மரத்தடியில நின்னா, மரத்து மேல மாட்டுக்காரப் பய ஒருத்தன். சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமாங்கான். இம்புட்டுத் தமிழ் படிச்சவளுக்கு, பழத்துல எங்கடா சுட்டதுன்னு ஒரு எளக்காரம். கனிஞ்சதா உலுக்கிவிட்டான், மண்ணுல விழுந்துச்சு. மண்ணை ஊதி ஊதித் தின்னும்போது, "என்ன பாட்டி, பழம் ரொம்பச் சுடுதோ"ன்னு கேட்டான் பாரு! இதை விடப் பெரிய பல்பு தமிழ்நாட்டுல எவனும் எவளுக்கும் குடுத்ததில்ல. கெழவி என்ன செஞ்சா? ஆட்டோகரெக்ட்னாளா? சுட்டதுன்னா நீ தீயில வாட்டுனதுன்னுல்லா நெனச்சேன்னு வம்பு பண்ணுனாளா? ஒரு மாட்டுக்காரப் பயகிட்ட, "நான் தோத்தேம்யா"ன்னு அந்த எடத்துலயே ஒத்துக்கிட்டா. ஒத்துக்கிட்ட பொறவுதான் மரத்து மேல இருந்தது முருகன்னே தெரிஞ்சுது. மல்லுக்கட்டியிருந்தா அவன் மாட்டுக்காரனாவே எறங்கிப் போயிருப்பான்.

இப்பம் நீ நெனைப்ப, தாத்தா உண்மையை ஒத்துக்கிடச் சொல்லி நீதிக்கதை சொல்லுதாவன்னு. பொறுலே. மேலத்தெருக்காரன் ஒருத்தன், பேரு வேண்டாம், பாளையங்கோட்டையில ஒரு கல்யாணத்துக்குப் போனான். மண்டபத்துல மாடியில ஒரு கல்யாணம், கீழ ஒரு கல்யாணம். இவன் போகவேண்டியது மாடிக்கு. பந்தி வாசம் கீழ இருந்து வந்ததால கீழ போயிட்டான். எலையில உக்காந்து ரெண்டு தடவை பாயாசம் வாங்கி, கை கழுவி, மொய் நோட்டுல 501 ரூவா எழுதி, பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருநீறு பூச மேடையேறுனா, மாப்பிள்ளை முகம் தெரியாத முகம். பொண்ணோட அப்பா வந்து, "அண்ணாச்சி மாப்பிள்ளை வீட்டுப் பக்கமோ?"ன்னாரு. இவன் ஆமாங்கான். செத்த நேரத்துல மாப்பிள்ளையோட மாமன் வந்து, "நீங்க பொண்ணு வீட்டுப் பக்கமோ?"ன்னாரு. அதுக்கும் ஆமாங்கான். பொறவு ரெண்டு பேரும் சேந்து வந்தாவ.

அந்த எடத்துல நீயா இருந்தா ஆட்டோகரெக்ட்னு சொல்லி அடி வாங்கியிருப்ப. அவன் துண்டை ஒதறித் தோள்ல போட்டான். "மாப்பிள்ளையோட அப்பாவும் நானும் குத்தாலத்துல ஒண்ணாக் குளிச்சவுகல்லா, மறந்துட்டாரா?"ன்னான். சீசன்ல மெயினருவியில யாரு யாரோட குளிச்சான்னு எவன் கணக்கு வச்சிருக்கான்? மாப்பிள்ளையோட அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சாரு. மறந்துட்டேன்னு சொல்ல அவருக்குக் கூச்சம். "அட, நீங்களா!"ன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அந்த வீட்டுக்கும் இவனுக்கும் மொய் இருக்குல்லா, திரும்பி வரணும்லா? இவன் மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சான். வேன் புடிச்சு வந்து 1,001 எழுதிட்டுப் போனாவ. இப்பம் காதுகுத்துக்கும் சடங்குக்கும் போக்குவரத்து நிக்காம நடக்கு. மாடியில கல்யாணம் வச்சவன்தான் இன்னைக்கு வரைக்கும் இவனோட பேசுறதில்ல. வந்து மொய் எழுதலன்னு கோவம்.

அதனாலதான் சொல்லுதேன், ஒண்ணு, கெழவி மாதிரி அந்த எடத்துலயே கையை விரிச்சுரணும். இல்ல, குத்தாலம் வரைக்கும் போகணும். ரெண்டுக்கும் நடுவுல பாதி வழியில நிக்கவன்தான் பல்பு வாங்குதான். குப்புற விழுந்துட்டு மீசையில மண்ணு ஒட்டலன்னு சொல்லுறதுன்னா மொதல்ல மீசையைத் தொடைக்கணும்லே; நீ மண்ணோட நின்னுக்கிட்டுச் சொல்லுத. குத்தாலம் வரைக்கும் போற தெறமையும் ஒனக்குக் கெடையாது. ஒன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அது எங்க வழி மூஞ்சி இல்ல, ஒங்க ஆச்சி வழி. அவ வீட்டாளுகளுக்குப் பொய் சொன்னா காது செவந்துரும்.

நீங்க பல்பு வாங்குனதே இல்லையான்னு கேக்க வாயைத் தொறக்காத. நான் இந்த வயசு வரைக்கும் ஒண்ணுகூட வாங்குனதில்ல. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்னு ஊரு பூரா ஒரு பேச்சு இருக்கு பாரு, அதைக் கெளப்பிவிட்டதே நான்தான். எவனாவது என்னை மடக்குற மாதிரிக் கேட்டா, "என்ன சொன்ன?"ங்கேன். மறுபடி சொல்லுவான். "எதுக்கு?"ங்கேன். மூணாவது தடவை கத்திச் சொல்லும்போது அவன்தான் கோட்டிக்காரன் மாதிரித் தெரிவான். பெருசுக ஒவ்வொருத்தருகிட்டயும் இந்த மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கும். சிலவிய கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வருவாவ. சிலவியளுக்குச் சரியா அந்த நேரம் பாத்து இருமல் வரும். ஒங்க ஆச்சி மட்டும் என்ன, நெசமாவே வெளக்கு வாங்கிட்டு வந்திருக்கன்னா நெனச்சா? அவ காலையில அடுக்களையில நின்னு தனியாச் சிரிச்சதை நான் பாத்தேன்.

நீ அடுத்தவனுக்குப் பல்பு குடுக்கிற நேரமும் வரும். அப்பம் ஒண்ணு பாத்துக்கோ. மார்தட்டுனவனுக்குக் குடு. தெரியாம நிக்கவனுக்குக் குடுக்காத. புதுசா வேலைக்குச் சேந்த பையன் லிப்டுல எந்தப் பொத்தானை அமுக்கணும்னு தெரியாம நின்னா, அதை வீடியோ எடுத்துக் குரூப்புல போடுறதுக்குப் பேரு நையாண்டி இல்ல, சவத்து மூதித்தனம். நம்ம கோயில் கொடையில வில்லுப்பாட்டுக்காரரு ஊர்ப் பெரிய மனுசனைத்தான் கேலி பண்ணுவாரு, பந்தல் ஓரம் தூங்குற ஏழையைப் பண்ணமாட்டாரு. பெரிய மனுசனும் சிரிச்சுக்கிட்டே வந்து துண்டு போத்துவாரு. போத்தலன்னா அடுத்த வருசம் இன்னும் ரெண்டு பாட்டு கூடும்னு அவருக்குத் தெரியும்.

சரி, காலையில 6 மணி வண்டிக்குச் சங்கரன்கோயில் போயித் துட்டி கேட்டுட்டு வந்துரு. தள்ளிப் போட்டா கதைக்குக் காலு மொளைச்சு, அண்ணாச்சி சாம்பல்ல இருந்து எந்திரிச்சு வந்து ஒனக்கு நன்றி சொன்னதா முடிஞ்சிரும். போனதும் ஒன்னை யாரும் "வா"ன்னு சொல்லமாட்டாவ. கோவத்துல இருக்காவன்னு நெனச்சுக்கிட்டு, வாசல்லயே நின்னு போனை எடுத்து வெளக்கம் குடுக்க ஆரம்பிச்சிராத. துட்டி வீட்டுல வான்னு கூப்புடுற வழக்கம் இல்ல. பேசாம போயித் தார்சாவுல ஆம்பளைக உக்காந்திருக்க பக்கம் உக்காரு. எவனாவது, "என்ன மாப்ள, பூங்கொத்து கொண்டு வரலையா?"ன்னு மெல்லக் கேப்பான். தலையைக் குனிஞ்சுக்கோ. சிரிப்பு வந்தா துண்டை வாயில வச்சுக்கோ, அழுறன்னு நெனச்சுக்கிடுவாவ. அந்த வீட்டு ஆச்சி கூப்புட்டு, "ஒங்க தாத்தாவுக்குப் பதவி கெடச்சதுக்கு வாழ்த்துச் சொன்னவன் நீ ஒருத்தன்தாம்யா"ன்னு சொல்லுவா. அவளுக்கு அந்தக் குசும்பு உண்டு, நாப்பது வருசமா எனக்குத் தெரியும். "ஆமா ஆச்சி, படிக்காமப் போட்டுட்டேன்"னு சொல்லு. அதுக்கு மேல ஒரு எழுத்து சேக்காத. அவ அழுதுக்கிட்டே சிரிப்பா, சிரிச்சுக்கிட்டே ஒன் கன்னத்தைக் கிள்ளுவா, அத்தோட அந்தக் கணக்குத் தீந்துரும்.

பொறவு எந்திரிக்கும்போதுதான் எனக்குப் பயம். ஒங்க அம்மை ஒன்னை மரியாதையா வளத்துட்டா. எங்க போனாலும் "போயிட்டு வாரேன்"னு சொல்லாம நீ வாசப்படி தாண்டமாட்ட. அங்க அதைச் சொல்லிராதலே. துட்டி வீட்டுக்குத் திரும்பி வாரேன்னு யாராவது சொல்லுவானா? உக்காரணும், எந்திரிக்கணும், சொல்லாம கொள்ளாம நடையைக் கட்டணும். வாயைத் தொறக்காதன்னு ஊர் வழக்கமே சொல்லுற வீடு அது ஒண்ணுதான். ஒனக்குன்னே ஏற்பாடு பண்ணி வச்ச மாதிரி இருக்கு.